டியூப்லைட்டுக்கு எந்தச் சோக்?

டியூப்லைட்டில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்துவதுதான் சோக்; இரும்பில் கம்பி சுற்றிய காப்பர் சோக், எலக்ட்ரானிக் சோக் என்று இரண்டு வகை. அம்பாசமுத்திரம் பக்கம் வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால், காப்பர் சோக் போட்ட டியூப் ஸ்டார்ட்டரோடு மல்லுக்கட்டி மினுக்கிக்கொண்டே இருக்கும். எலக்ட்ரானிக் சோக் அப்போதும் சட்டென்று எரியவிடும். 230 வோல்ட் ஏசியைச் சுமார் 325 வோல்ட் டிசியாக்கி, இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறிமாறித் திறந்து மூட, 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் டியூப்புக்கு அனுப்புகிறது. அந்த வேகத்துக்குச் ஃபெரைட் என்ற காந்தப் பொருளில் சுற்றிய சின்னக் கம்பிச்சுருளே போதும், இரைச்சலும் கிடையாது. காப்பர் சோக்கோ பல வாட்டைச் சூடாகவே வீணாக்கும்.

ஆயுள் என்று வந்தால் கதை வேறு. பாளையங்கோட்டை வெயிலில் தகிக்கும் தகரக் கூரைக்கடியில் எலக்ட்ரானிக் சோக்கில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (உள்ளே திரவம் வைத்த, மின்சாரத்தைச் சேமிக்கும் பாகம்) சீக்கிரம் காய்ந்துவிடும். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. மின்னல் இறங்கினால் டிரான்சிஸ்டரும் போகும். காப்பர் சோக்கில் கெட்டுப்போக என்ன இருக்கிறது, இரும்பும் கம்பியும்தானே! வீட்டுக்குள் எலக்ட்ரானிக், மாட்டுத் தொழுவுக்குக் காப்பர் என்பேன்.