அல்சாஸ் திராட்சைத் தோட்டங்களில் மிதிவண்டிப் பயணம்: கோல்மாரிலிருந்து இரண்டு நாள்

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், வோஜ் மலைக்கும் ரைன் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் அல்சாஸைப் பேருந்தில் சுற்றினால் ஊருக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கும். மரச்சட்டம் தெரியும் வண்ண வீடுகள், ஒரு படம், ஒரு ஐஸ்கிரீம், அடுத்த ஊர். ஆனால் இந்த வட்டாரத்தின் அழகு ஊர்களுக்குள் பாதிதான். மீதிப் பாதி, ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் இருக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களில் இருக்கிறது. அதைப் பார்க்க மிதிவண்டிதான் சரி. 1953ல் தொடங்கப்பட்ட அல்சாஸ் வைன் சாலை 170 கிலோமீட்டர் நீளம். முழுவதையும் ஓட்ட வேண்டியதில்லை. கோல்மார் நகரில் தங்கி இரண்டு நாள் ஓட்டினால் அதன் மிகச் சிறந்த பகுதி முடிந்துவிடும்.

போகும் வழி. பாரிசில் இறங்கி கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் பிடித்தால் ஸ்ட்ராஸ்பூர் ஒன்றே முக்கால் மணி நேரம், அங்கிருந்து கோல்மார் அரை மணி. ஆனால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சுவிட்சர்லாந்தின் சூரிக்குக்கும் நேரடி விமானம் உண்டு. பாரிசைப் பார்க்கும் எண்ணம் இல்லையென்றால் சூரிக்கில் இறங்குவதே மேல்: அங்கிருந்து பாசல் ஒரு மணி நேரம், பாசலிலிருந்து கோல்மார் முக்கால் மணி. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். இறங்குவது சூரிக்காக இருந்தாலும் அதிக நாள் தங்குவது பிரான்சில் என்றால் பிரான்சிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

மின்மிதிவண்டியே வாடகைக்கு எடுங்கள். நாளுக்கு ஏறத்தாழ 30 முதல் 45 யூரோ, முன்பணத்துக்குக் கடன் அட்டை கேட்பார்கள். கடையை விட்டுக் கிளம்புமுன் ஐந்து நிமிடம் செலவிட்டு நாலு விஷயம் பாருங்கள். மின்கலம் முழுதாக ஏறியிருக்கிறதா, பூட்டுச் சாவி வேலை செய்கிறதா, இருக்கை உயரம் சரியா, எந்தக் கைப்பிடி எந்த பிரேக். அங்கே பெரும்பாலும் இடது கைப்பிடிதான் முன்சக்கர பிரேக். பழக்கம் இல்லாதவர் சரளைக்கல் இறக்கத்தில் அதைச் சட்டென்று அழுத்தினால் வண்டி தலைகீழாகத் தூக்கிவிடும். மோட்டார் உதவி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிடும், அது பழுது அல்ல. சமதளத்தில் உச்ச உதவியில் ஓட்டினால் மதியத்துக்குள் மின்கலம் தீரும். பிறகு 25 கிலோ எடையுள்ள வண்டியை மோட்டார் உதவி இல்லாமல் மிதிக்க வேண்டிவரும். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். பின்னிருக்கையில் உட்கார்ந்து வரும் பிள்ளைக்கும் அப்படியே.

நம்மவர்கள் மிகவும் தடுமாறும் இடம் சாலைவிதி. வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது பலருக்குத் தெரியாது. சிறு சந்திலிருந்து வரும் காரும் நிற்காமல் வரும், அது அவர் உரிமை. கிராமத்துக்குள் ஒவ்வொரு முனையிலும் வலப்புறம் பார்த்துக்கொண்டே போங்கள்.

முதல் நாள் எகிஷைம். கோல்மாரிலிருந்து ஏழு கிலோமீட்டர், கிட்டத்தட்டச் சமதளம். தெருக்கள் வெங்காயத் தோல்போல வட்டம் வட்டமாக ஊர் நடுவைச் சுற்றிப் போகும். 2013ல் பிரெஞ்சு மக்களுக்கு மிகவும் பிடித்த கிராமமாகத் தேர்வானது. பத்து மணிக்கு முன் போனால் தெரு உங்களுக்கே. அங்கிருந்து ஹுஸரன் கிராமத்துக்கு ஏறினால் ஏறத்தாழ 170 மீட்டர் உயரம், அதாவது சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் உச்சி கடல் மட்டத்திலிருந்து இருக்கும் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கொடிகள் ஆள் உயரத்துக்குக் கம்பியில் இழுத்துக் கட்டப்பட்டு, வரிசை வரிசையாகச் சரிவில் இறங்கும். கொஞ்சம் குனிந்து அடிமரத்தைப் பாருங்கள்: முறுக்கிய கயிறுபோலக் கறுத்து, பட்டை நார் நாராக உரிந்து தொங்கும். ஜூனில் அதே கொடியில் மிளகுச்சரம்போலப் பச்சைப் பிஞ்சுகள் பிடித்திருக்கும். பழம் பழுத்திருந்தால் பறிக்காதீர்கள். அது ஒருவரின் ஆண்டு வருமானம், மருந்தும் அடித்திருப்பார்கள். மருந்தடிக்கும் டிராக்டர் தெரிந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்.

இரண்டாம் நாள் சுற்று 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல்: கைசர்ஸ்பெர்க், ரிக்வீர், ஹுனாவீர், ரிபோவிலே, பிறகு கோல்மார். கைசர்ஸ்பெர்க் 1952ஆம் ஆண்டின் நோபெல் அமைதிப் பரிசு பெற்ற மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875ல் பிறந்த ஊர். அங்கிருந்து ரிக்வீர் போகும் வழியில் சிகோல்ஸைம், பென்வீர், மிட்டல்வீர் ஆகிய ஊர்கள் புதிதாகத் தெரியும். ‘இங்கே பார்க்க ஒன்றுமில்லை’ என்று தாண்டிவிடாதீர்கள். 1944-45 குளிர்காலச் சண்டையில் இந்த ஊர்கள் இடிந்து தரைமட்டமாயின. போருக்குப்பின் மீண்டும் எழுப்பியவை இவை. சில கிலோமீட்டர் தள்ளி ரிக்வீர் மட்டும் பதினாறாம் நூற்றாண்டு வீடுகளோடு தப்பி நிற்கிறது. இந்த ஊர்களைப் பார்த்துவிட்டு ரிக்வீருக்குள் நுழையும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ரிக்வீரில் பதினோரு மணி முதல் நான்கு மணிவரை நடக்கவும் இடம் இருக்காது. மாறாக, பக்கத்து ஹுனாவீர் அமைதியானது. மதில் சூழ்ந்த அதன் தேவாலயம் கொடிகளுக்கு நடுவே மேட்டில் நிற்கும். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு இரு சாராரும் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கூரைகளில் வெண்நாரைக் கூடுகளைக் காணலாம். 1970களில் அல்சாஸ் முழுவதிலும் பத்து ஜோடிகூட மிஞ்சவில்லை. இந்த ஊரின் நாரை மையமும் சேர்ந்து உழைத்துத்தான் அவை திரும்பி வந்தன.

ரிபோவிலேயில் கால் வலிக்கவில்லையென்றால் ஊருக்கு மேலுள்ள மூன்று கோட்டைகளுக்கு நடக்கலாம். அதை மூன்றாவது நாளுக்கு ஒதுக்குவது நல்லது. ஏற்றம் 400 மீட்டர், போய்வர மூன்று மணி நேரத்துக்கு மேல். கோடு, வட்டம், முக்கோணம் எனப் பாதைக் குறிகளை வோஜ் மலைக் கழகம் மரங்களில் வைத்திருக்கிறது. கிளம்பும்போது எந்த நிறம், எந்த வடிவம் என்று பார்த்துக்கொண்டு அதையே கடைசிவரை பிடித்துப் போங்கள்.

சாப்பாடு. மதியம் 12 முதல் 2 வரைதான். ஒன்றே முக்காலுக்குப் போய் நின்றால் பல கடைகளில் கிடைக்காது. ஃப்லாம்குஷ் என்னும் மெல்லிய அடை இந்த ஊரின் பெருமை. பாலாடை, வெங்காயம், அதன்மேல் பன்றி இறைச்சித் துண்டுகள். ‘சான் லார்தோன்’ என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். காளான் படம் போட்ட ‘ஃபொரெஸ்தியேர்’ சைவம் என்று நம்பிவிடாதீர்கள், அதிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். ஷ்பெட்ஸ்லே என்னும் குட்டி நூடுல்ஸின் மாவில் முட்டை உண்டு. ஞாயிறன்று மளிகைக் கடைகளும் பேருந்துகளும் மிகக் குறைவு, சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள்.

வைன் தயாரிப்பாளரின் நிலவறையில் ருசி பார்க்க, இனிப்பு குறைந்ததில் தொடங்கி இனிப்பானதில் முடிப்பார்கள். 2021 அறுவடையிலிருந்து புட்டியிலேயே இனிப்பின் அளவு எழுதியிருக்கும்: ‘செக்’ என்றால் இனிப்பில்லாதது, ‘மொவலே’ நன்றாக இனிக்கும். துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்தக் கூச்சப்பட வேண்டாம். மது வரம்பு மிதிவண்டிக்கும் உண்டு: 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம். நம் ஊரில் வாகன ஓட்டிகளுக்கு 80. மது அருந்தாதவர்கள் ‘ஜூ து ரெசான்’ என்று கேட்டால் சில இடங்களில் அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு கிடைக்கும்.

எப்போது போவது? மே கடைசியும் ஜூனும். சிங்கப்பூரின் ஜூன் பள்ளி விடுமுறைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்; இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். மேற்கே வோஜ் மலை மழையைத் தடுத்துவிடுவதால் பிரான்சிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் ஊர்களில் கோல்மாரும் ஒன்று. ஆனால் தோட்டத்தில் நிழல் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் இலை பொன்னிறமாகும். அதற்காகப் போகிறவர்கள் தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அறுவடை நாட்களில் சில ஊர்கள் தோட்டப் பாதைகளை மூடிவிடும்.

புட்டி வாங்கினால்: 48 மணி நேரத்துக்குமேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் 18 வயது நிரம்பியவருக்கு, வேறு மது இல்லையென்றால், இரண்டு லிட்டர் வைன்வரை சிங்கப்பூரில் தீர்வை இல்லை. 750 மில்லி புட்டி இரண்டு அதற்குள் அடங்கும். அல்சாஸ் புட்டி ஒல்லியாக, மற்றப் புட்டிகளைவிட உயரமாக இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வாங்கிப்போகும் சாதாரண காற்றுப் பையில் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், உடைவதும் அங்கேதான். அந்த உயரத்துக்கென்றே செய்த அட்டைப் பெட்டியைத் தயாரிப்பாளரிடமே கேட்டு வாங்குங்கள்.