தாராவியில் வாங்கிய இரும்புச் சட்டி: பத்து மாதம் சமைத்த பிறகு

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டில், மும்பை சயான் ரயில் நிலையப் படிகளில் ஏறி முடிப்பதற்குள் மகளுக்கு மூச்சு வாங்கியபோது, கூட்ட நெரிசலில் வந்த களைப்பு என்றே நினைத்திருந்தேன். பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 9.4 கிராம் என்று வந்தது. கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுச் சமையலையும் மாற்றச் சொன்னார். அப்படித்தான் இந்தச் சட்டி எங்கள் அடுப்புக்கு வந்தது.

முதலில் இணையத்தில் ஒன்று வாங்கி ஏமாந்தோம். இரண்டாம் முறை தேய்த்தபோதே கருப்புப் பூச்சு உரிந்து கையோடு வந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் தாராவி 90 அடி சாலையில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் நடத்தும் பாத்திரக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி இரண்டு சட்டிகளை எடுத்து வைத்து விரலால் தட்டிக் காட்டினார். "இது வார்ப்பு, இது அடிச்ச இரும்பு. வார்ப்பு கீழ விழுந்தா உடைஞ்சிரும்க்கா, சூடா இருக்கையில பச்சத்தண்ணி ஊத்தாதிய" என்றார். விலையைச் சொல்வதற்கு முன்பே குறையைச் சொன்ன அந்த நேர்மைக்காகவே அங்கு வாங்கலாம் என்று தோன்றியது. பத்து அங்குல வார்ப்பிரும்புச் சட்டியை 780 ரூபாய்க்கு வாங்கினேன்.

சட்டியைப் பழக்க ஒரு வாரம் பிடித்தது. அரிசி கழுவிய தண்ணீரை இரண்டு நாள் ஊற்றி வைத்து, கழுவி, ஈரம் போகச் சூடாக்கி, நல்லெண்ணெய் தடவினேன். மூன்றாம் நாள் வெங்காயத்தை அதில் கருகும்வரை வதக்கிக் கொட்டினேன். முதல் நாள் துடைத்த வெள்ளைத் துணி கரித்துணிபோல் ஆனது. ஏழாம் நாள் துணியில் எண்ணெய்க் கறை மட்டுமே இருந்தது. அதன் பிறகு முட்டைகூட ஒட்டாமல் வழுகி வருகிறது.

எதைச் சமைத்தாலும் சட்டி ஒரே அளவில் இரும்பைக் கொடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். புளிப்பும் ஈரமும் உள்ள பதார்த்தம் அதில் எவ்வளவு நேரம் கொதிக்கிறதோ, அவ்வளவுக்கு இரும்பு கூடுதலாக இறங்கும். அப்பளம் பொரிப்பதால் பெரிய பயன் இல்லை. நான் தக்காளித் தொக்கும் வத்தக்குழம்பும் இதில்தான் செய்கிறேன். ஆனால் இறக்கியவுடன் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒருமுறை மறந்து இரவு முழுவதும் விட்டதில் குழம்பு கறுத்து, நாணயத்தை நக்கியதுபோல் ருசித்தது. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரையைப் பாசிப்பருப்போடு இதில் வதக்குகிறேன். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு, இறைச்சியில் உள்ளதைப்போல் உடலில் எளிதாகச் சேர்வதில்லை. அதனால் இறக்கி வைத்ததும் எலுமிச்சம்பழம் பிழிவேன். அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பு உடலில் சேர உதவுகிறது.

தேநீர் விஷயத்தில்தான் மிகவும் சிரமப்பட்டோம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இந்த வகை இரும்பு உடலில் சேர்வதைத் தடுப்பவை. இட்லியோடு ஒரு டம்ளர், கல்லூரி வாசலில் வடாபாவோடு ஒரு கட்டிங் (அரை டம்ளர்) தேநீர் என்று பழகிய பெண்ணைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடிக்க வைப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. இதை விட்டுவிட்டுச் சட்டியை மட்டும் வாங்கி வைப்பது வீண் செலவு என்பேன்.

குறைகளும் உண்டு. மழைக்காலத்து மும்பையில் ஓர் இரவு ஈரத்தோடு விட்டாலே துரு பூத்துவிடுகிறது; கழுவிய உடனே அடுப்பில் காட்டி எண்ணெய் தடவியே ஆக வேண்டும். புளிக்குழம்பு அடிக்கடி கொதித்தால் பழக்கிய மெருகு போய்விடுவதால், மாதம் ஒருமுறை மீண்டும் எண்ணெய் காய்ச்ச வேண்டியிருக்கிறது. எடையும் அதிகம், மணிக்கட்டு வலியுள்ள என் மாமியாரால் இதை ஒரு கையால் தூக்க முடியவில்லை.

மூன்று மாதத்தில் மகளின் அளவு 12.1-க்கு வந்தது மாத்திரையால்தான். அந்தப் பெருமையைச் சட்டிக்குக் கொடுக்க மாட்டேன். உடலின் இரும்பு இருப்பு நிரம்ப வேண்டும் என்று மருத்துவர் மேலும் மூன்று மாதம் தொடரச் சொன்னார். ஹீமோகுளோபினைச் சுமக்கும் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்தான் வாழும்; மாத்திரைக் காலத்தில் உருவானவை அதற்குள் மாறிவிடும் என்பதால், மாத்திரையை நிறுத்தி நான்கு மாதம் கழித்து எடுத்த பரிசோதனைக்காகவே காத்திருந்தேன்: 12.4. மாத்திரை இல்லாமலும் அளவு இறங்காமல் நின்றதில், இந்தச் சட்டிக்கும் எலுமிச்சைக்கும் தள்ளி வைத்த தேநீருக்கும் பங்குண்டு என்று நம்புகிறேன். ஆனால் இரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை. வைட்டமின் பி12 குறைவாலும் வரும், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயாலும் வரும். தலசீமியா உள்ளவர்களுக்கு உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் ஆபத்து இருப்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்கக் கூடாது.

அடுத்த மாதம் அதே கடையில், மாமியார் இரு கைகளாலும் பிடித்துத் தூக்கும்படி இரண்டு காது வைத்த எட்டு அங்குலச் சட்டி ஒன்று வாங்கப் போகிறேன்.