ஊருக்குள் மட்டும் ஓட்டுபவரா? பழைய டீசல் கார் வாங்கும்முன் இதைப் படியுங்கள்

சென்னையில் செகண்ட் ஹேண்ட் சின்ன கார் தேடுகிறவர்கள், அதிலும் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியைப் பார்த்து வைத்திருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும்முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

என் ஓட்டம் ரொம்பக் குறைவு. கொளத்தூரில் வீடு, பெரம்பூரில் பிள்ளைகளின் பள்ளி, வில்லிவாக்கத்தில் அம்மா. மாதம் 300 கிலோமீட்டர் வந்தால் அதிகம். பெட்ரோல் ஹேட்ச்பேக் பார்க்கத்தான் அந்தக் கடைக்குப் போனேன், ஓட்டத்தையும் தெளிவாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கடைக்காரர் அதே மாடலின் டீசல் வண்டியைக் காட்டினார். "பெட்ரோல் நூறைத் தாண்டிடுச்சு சார். இது சிட்டியிலயே 20க்குக் குறையாது. ஒரு லட்சம் கூடத்தான், ஆனா ரெண்டே வருஷத்துல மைலேஜ்லயே எடுத்துடலாம்" என்றார்.

வண்டி வீட்டுக்கு வந்து சில வாரங்களில், பெட்டிக்குள் புள்ளி வைத்தது போன்ற ஒரு மஞ்சள் விளக்கு டேஷ்போர்டில் எரிய ஆரம்பித்தது. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் வெகுநேரம் சுற்றும், அடியிலிருந்து கருகிய நெடி வரும். கடையில் கேட்டால், "பங்க்ல டீசல் சரியில்ல சார், வேற பங்க்ல போட்டுப் பாருங்க" என்றார்கள். கடைசியில் ஒரு நாள் காலை, பிள்ளைகள் பின்சீட்டில் இருக்க, பெரம்பூர் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்கவே இல்லை. பின்னால் பேருந்து ஹாரன் அடிக்க, ஊர்ந்துதான் மேலே போய்ச் சேர்ந்தேன்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பிஎஸ்-6 டீசல் கார்களின் புகைக்குழாய் வரிசையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. எஞ்சின் கக்கும் கரியை அது பிடித்து வைக்கும். சேர்ந்த கரியை அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துவிட வேண்டும். அதற்கு வண்டி மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ஒரே சீராகக் கால் மணி, இருபது நிமிடம் ஓட வேண்டும். கொளத்தூருக்கும் பெரம்பூருக்கும் நடுவில் அது எங்கே நடக்கும்? எரிப்பு பாதியில் நின்றுவிடும். அதற்காகக் கூடுதலாகப் பீச்சிய டீசலில் ஒரு பங்கு எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். வண்டியைப் பார்த்த மெக்கானிக் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. துணியில் தொட்டால் தண்ணீர் மாதிரிப் பரவியது, டீசல் வாடை அடித்தது. ஆயில் ஏறியிருந்தால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள், நீர்த்துப்போன ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தின்றுவிடும்.

அப்புறம் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். அந்தக் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பிழைக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று அது காட்டும். அந்த எண்ணும், டெலிவரி எடுத்த பிறகு நான் ஓட்டிய தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. "சார், உங்ககிட்ட குடுக்கிறதுக்கு முன்னாடி லைட்டை அணைச்சுருக்காங்க" என்றார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவை எடுத்தபோது, முந்தைய உரிமையாளர் காலத்திலேயே இதே வடிகட்டியைக் கட்டாயமாக எரித்துச் சுத்தம் செய்தது அதில் இருந்தது. கடைக்காரர் என்னிடம் தந்த சர்வீஸ் தாள்களில் அந்த ஒரு பில் மட்டும் இல்லை. புது வடிகட்டிக்கு ஒரு லட்சத்தை ஒட்டிச் சொல்கிறார்கள். கடை தந்த வாரண்டியிலோ எக்ஸாஸ்ட் பாகங்கள் கிடையாதாம்.

கடைக்காரர் சொன்ன மைலேஜ் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய், நெரிசலில் லிட்டருக்குப் பெட்ரோல் 15, டீசல் 19 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு மிச்சம் 1 ரூபாய் 80 காசு சொச்சம். மாதம் 300 கிலோமீட்டருக்கு 550 ரூபாய். அந்த ஒரு லட்சத்தை எடுக்க 15 வருஷம் ஆகும்! 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்தக் காலம் போய்விட்டது. மாருதி 2020-இல் டீசலையே விட்டது. ஆனால் "டீசல்னா லாபம்" என்ற பேச்சு மட்டும் இன்னும் விற்பனைக்கு உதவுகிறது. தினமும் ஸ்ரீபெரும்புதூர், செங்கல்பட்டு என்று ஹைவேயில் போய் வருபவருக்கு டீசல் இன்றும் நல்ல வண்டிதான், அதை மறுக்கவில்லை.

வடிகட்டியின் உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு, சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறேன் என்று சிலர் வருவார்கள். என்னிடமும் வந்தார்கள். சம்மதிக்காதீர்கள். அது சட்டவிரோதம், அதோடு அந்தக் கரி பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைகளின் நுரையீரலுக்குத்தான் போகும்.

வாங்கப் போகும்போது உங்கள் மெக்கானிக்கை ஸ்கேனரோடு கூட்டிப் போங்கள். டிபிஎஃப்-இல் கரி எவ்வளவு சதவீதம், குறியீடு அழித்து எவ்வளவு தூரம் ஆகிறது, இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அழித்து நூறு கிலோமீட்டர்கூட ஆகவில்லை என்றால் காரணம் கேளுங்கள். வண்டி எண்ணை வைத்துக் கம்பெனி சர்வீஸ் வரலாற்றை நீங்களே வாங்குங்கள், கடைக்காரர் தரும் தாள் போதாது. ஆயில் குச்சியையும் ஒரு முறை உருவிப் பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை எங்கே இருந்தாலும் சரி. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட், சர்வீஸ் வரலாறு, "20க்குக் குறையாது" என்று கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு, எல்லாவற்றையும் இணைத்து நானும் மனு கொடுத்திருக்கிறேன்.