படகு சரி, ஏணிதான் சனியன்

போன வாரம் என் டைவிங் படகின் ஏணி மறுபடி உடைந்தது. 3 வருடத்தில் மூன்றாவது வெல்டிங். அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போகும்போதுதான் கடலூர் முதுநகரிலிருந்து நண்பர் போன் செய்தார். "காத்து அடிக்கிற சீசன்லயும் டைவிங் போகணும்ண்ணே. ஃபைபர் போட் வாங்கலாமா, ரப்பர் போட்டா?" அந்த நேரத்தில் என்னிடம் கேட்டிருக்கக் கூடாது.

என்னுடையது 28 அடி ஃபைபர் படகு. மீன்பிடிக்க ஓடியதை வாங்கி, வலை கிடந்த இடத்தில் மூச்சுக்காற்றுச் சிலிண்டர் நிற்கச் சட்டம் அடித்தோம், நானும் மச்சானும். இன்ஜினைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஓடுகிறது. மீன் நாற்றம் மட்டும் இன்னும் போகவில்லை. காற்று ஏறிய நாளில் பாதிப் பேர் வாந்தி எடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

கச்சான், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில் விடிகாலைக் காற்று கரையிலிருந்து வரும், கரையோரம் தட்டையாகக் கிடக்கும். மதியம் கடற்காற்று ஏறினால் கதையே வேறு. அப்போதும் இறங்குவதில் சிக்கல் இல்லை. விளிம்பு தாழ்வு, முதுகுப்பக்கம் சாய்ந்தால் தண்ணீர். விசைப்படகின் உயரத்திலிருந்து குதித்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுகம் புரியும்.

ஏறுவதில்தான் எல்லாம். நங்கூரம் போட்ட படகு காற்றைப் பார்த்து நிற்கும் என்பார்கள். நம் கரையில் அந்த சீசனில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும், கடற்காற்றோ தென்கிழக்கிலிருந்து வரும். இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, படகு குறுக்கே திரும்பி உருளும். முதலில் ஏணி பின்புறம், இன்ஜினை ஒட்டி இருந்தது. அலை தூக்கும்போது கடைசிப் படியே தண்ணீருக்கு மேல் வந்துவிடும். அடுத்த நொடி அதே படி முழங்காலில் இறங்கும். முதுகில் சிலிண்டர், மூழ்குவதற்கான ஈயக்கட்டி என்று 20 கிலோவுக்கு மேல்.

அதனால் ஏணியைப் படகின் நடுப்பகுதிக்கு மாற்றினோம். முன்னும் பின்னும் தூக்கிப் போடும் ஆட்டம் அங்கே குறைவு. தண்ணீருக்குள் 1 மீட்டருக்கு மேல் இறங்கும்படி நீட்டினோம். நடுவில் ஒரே குழாய், இருபுறமும் படி, காலில் மாட்டிய ஃபின்னை (நீந்தும் துடுப்பை)க் கழற்றாமலே ஏறலாம். பிரமாதம், வெல்டிங் விடும் வரை. நீளத்தைக் கூட்டியதில் நெம்பும் பலமும் கூடிவிட்டது, அது என் தப்பு. உப்பை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டதற்கு அந்த அளவு தாங்காத 304-ஐப் போட்டு "துருவே பிடிக்காது சார்" என்றது பட்டறைக்காரர் தப்பு. உப்புத் தண்ணீரில் ஆறே மாதத்தில் வெல்டிங் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி.

இப்போதெல்லாம் காற்று நாளில் சிலிண்டரைத் தண்ணீரிலேயே கழற்றி, கயிற்றில் கட்டி மேலே கொடுத்துவிட்டுத்தான் ஏறுகிறோம். அதற்கும் அந்தத் தாழ்ந்த விளிம்புதான் கைகொடுக்கிறது.

ரப்பர் படகில் முட்டினாலும் வலிக்காது, உண்மைதான். ஆனால் அதன் காற்றடைத்த பி.வி.சி. டியூப்பை நம் வெயில் தின்றுவிடும். ஹைபலான் என்கிற செயற்கை ரப்பர் தாங்கும், விலை கேட்டால் நாம் தாங்க மாட்டோம்.

கடைசியில் நண்பரிடம் சொன்னது இதுதான்: இரண்டுமே வேண்டாம், காற்றில்லாத நாளில் வாடகைப் படகில் போங்க. "அப்போ உங்க படகைக் குடுத்துடுங்கண்ணே" என்றார். விற்பதாக இல்லை. முகத்துவாரத்தில் மணல் அடைக்காமல் இருந்தால் சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம், ஏணியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் குறைகிறது, வந்துடுங்க என்றேன்.