குளத்து வளைகோட்டுக்கு மடக்கை அச்சா, மடக்கை எடுத்த எண்களா?

இரணைமடு போன்ற பெரிய குளமானாலும் ஊர்க்குளமானாலும் வன்னியில் தினமும் வாசிக்கக் கிடைப்பது நீர்மட்டம்தான். அதைப் பரமானமாக, அதாவது மற்ற இரண்டு அளவையும் தீர்மானிக்கும் மாறியாக எடுத்து, பரப்பைக் கிடையச்சிலும் கொள்ளளவை நிலையச்சிலும் போட்டால் ஒரு பரமான வளைகோடு வரும். சாதாரண அச்சில் அதன் கீழ்முனை மூலைக்குள் நசுங்கிவிடும். ஆவணி வெயிலில், சிறுபோகக் கடைசியில் மிஞ்சும் நீரைக் கணக்கிட அந்த முனைதான் வேண்டும்.

அதை விரித்துக் காட்ட வழி இரண்டு. மென்பொருளிடமே மடக்கை அச்சை, அதாவது ஒவ்வொரு பத்து மடங்குக்கும் சம தூரம் கொடுக்கும் அச்சைக் கேட்கலாம்: ஒக்டேவ் என்ற கணிப்பு மென்பொருளில் லாக்லாக், க்னூபிளொட் என்ற வரைபு மென்பொருளில் செட் லாக்ஸ்கேல் என்ற கட்டளை. அல்லது இரண்டு அளவுக்கும் நாமே மடக்கை எடுத்து, சாதாரண அச்சில் வரையலாம். கிளிநொச்சிப் பக்கத்துச் சிறு குளமொன்றுக்கு வரைந்தபோது நான் முதல் வழிக்கு மாறினேன். 100 ஹெக்டயர் அச்சில் 100 என்றே நிற்கும். மற்றதில் 2 என்று நிற்கும். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் அதை விளக்கவே நேரம் போய்விடும். பூச்சியம் இரண்டிலும் வராது.

ஆனால் எந்த வழியில் போனாலும் படத்தின் தரம் பரமானத்தின் இடைவெளியில்தான் தங்கியிருக்கிறது. அச்சு மடக்கையானாலும் க்னூபிளொட் பரமானத்தைச் சம இடைவெளியிலேயே எடுக்கும், இயல்பாக 100 புள்ளிகள். மட்டம் 0.01 மீற்றரிலிருந்து 10 மீற்றர் வரை என்றால், 1 மீற்றருக்குக் கீழே 10 புள்ளிகள், மிச்சம் 90ம் மேலே. முதற்புள்ளி 0.01, அடுத்தது கிட்டத்தட்ட 0.11, இடையில் வெறும் நேர்கோடு. கூம்பு வடிவக் குளத்தில் இந்தக் குறை கண்ணில் படாது. பரப்பு மட்டத்தின் வர்க்கமாகவும் கொள்ளளவு கனமாகவும் போவதால், மடக்கை அச்சில் முழுவதும் 1.5 படித்திறனுள்ள நேர்கோடுதான். அடி தட்டையான குளத்தில் அப்படியில்லை. தொடக்கத்தில் பரப்பு அதிகம் மாறாமல் கொள்ளளவு மட்டும் ஏறும். வளைகோடு செங்குத்தாகக் கிளம்பி, அப்புறம்தான் சாயும். நமக்கு வேண்டிய அந்த வளைவே வெட்டுப்பட்டுப் போகும்.

அதனால் மட்டத்தை 10இன் அடுக்காக எழுதி, அடுக்கை −2 முதல் 1 வரை ஓடவிடுங்கள். ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஏறக்குறைய 33 புள்ளிகள் கிடைக்கும். ஒக்டேவில் லாக்ஸ்பேஸ் இதையே செய்யும், அதற்கும் 0.01, 10 என்று கொடுக்காமல் அடுக்குகளையே கொடுக்க வேண்டும்.

அளந்த புள்ளிகளுக்குக் கோடு பொருத்திப் படித்திறனை எண்ணாகப் பெறுவதென்றால் இரண்டாவது வழிதான் சரி; ஒக்டேவில் கோடு பொருத்தும் பொலிஃபிட்டுக்கு மடக்கை எடுத்த எண்களையே கொடுக்க வேண்டும். மறை எண்கள் வரும் வளைகோடுகளுக்கு பைதனின் வரைபு நூலகமான மட்பிளொட்லிப்பில் சிம்லாக் என்ற அச்சு இருக்கிறது. குள வேலையில் அது தேவைப்படவில்லை, எனவே அதைப் பற்றி உறுதியாகச் சொல்லுமளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.