வில்லியம்ஸ்போர்ட்டின் இரண்டு பேஸ்பால் மைதானங்கள்: எங்கே உட்காரலாம்?

பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவஹானா ஆற்றங்கரையில் இருக்கும் வில்லியம்ஸ்போர்ட்டின் மக்கள்தொகை முப்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை. 1939இல் கார்ல் ஸ்டாட்ஸ் சிறுவர்களுக்கான லிட்டில் லீக்கைத் தொடங்கியது இவ்வூரில்தான் என்பதால், பேஸ்பால் பிரியர்கள் பெரும்பாலும் ஆகஸ்டில், லிட்டில் லீக் உலகத் தொடர் நடக்கும்போது, இங்கே குவிகிறார்கள். ஆட்டத்தை ஊன்றிப் பார்க்க விரும்புபவர் ஜூன் அல்லது ஜூலையில் வந்து, 1926இல் திறக்கப்பட்ட போமன் ஃபீல்டில் உட்காருவதே மேல் என்பது என் கருத்து.

ஏறத்தாழ 2,500 பேர் மட்டுமே அமரக்கூடிய அந்த மைதானத்தில் மோசமான இருக்கை என்று ஒன்றைச் சொல்வது கடினம். பேட்ஸ்மேன் நின்று ஆடும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், கூரையிட்ட வரிசைகளில் அமர்ந்தால், பந்தெறியும் பிட்சர் எறிந்த பந்து, பேட்ஸ்மேனுக்குப் பின்னால் அதைப் பிடிக்கும் கேட்சரின் தோலுறையில் விழும் சத்தமும், அம்பயரின் தீர்ப்பைக் கேட்டு பேட்ஸ்மேன் முணுமுணுப்பதும்கூடக் காதில் விழும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பல்லாண்டுகள், அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் ஆடும் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸின் கிளை அணியாக, அதாவது இளம் வீரர்களை அதற்காக வளர்க்கும் அணியாக, இருந்த இவ்வூரின் கிராஸ்கட்டர்ஸ், மேஜர் லீக் நிர்வாகம் 2021இல் கிளை அணிகளின் எண்ணிக்கையை 120ஆகக் குறைத்தபோது அந்த உறவை இழந்து, மேஜர் லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டை எதிர்நோக்குவோருக்காகப் புதிதாக உருவான டிராஃப்ட் லீக்கில் சேர்ந்தது. ஆகவே பருவத்தின் முதற்பாதியில் ஆடுபவர்கள் மேஜர் லீக் அணிகளின் கண்ணில் பட வேண்டும் என்ற தவிப்போடு வரும் கல்லூரி மாணவர்கள். அந்தத் தவிப்பே ஆட்டத்துக்குச் சூடு தருகிறது என்பேன்.

இதே மைதானத்தில் 1987 ஆகஸ்டில், அன்றைய வில்லியம்ஸ்போர்ட் பில்ஸ் அணியின் கேட்சர் டேவ் பிரெஸ்னஹன், தோல் சீவிய உருளைக்கிழங்கு ஒன்றைப் பந்துபோல, ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய பேஸ்களில் மூன்றாவதைத் தாண்டி எறிந்தார். பந்துதான் கைதவறிப் போயிற்று என்று நம்பி ஓடிவந்த எதிரணி வீரரை, உண்மையான பந்தோடு காத்திருந்து, ஆட்டமிழக்கச் செய்யத் தொட்டார். அம்பயர் ரன்னை எதிரணிக்கே கொடுத்தார்; பிரெஸ்னஹனின் ஆட்ட வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது. மறு ஆண்டே அவர் அணிந்த 59ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்து, அதே ஊர் அவரைக் கொண்டாடியது!

ஆற்றின் மறுகரையில், சவுத் வில்லியம்ஸ்போர்ட்டில் லிட்டில் லீக் உலகத் தொடர் நடக்கும் லமேட் ஸ்டேடியம் முற்றிலும் வேறு அனுபவம். நுழைவுக் கட்டணம் கிடையாது; பெரிய ஆட்டங்களுக்கு நாற்பதாயிரம் பேருக்கு மேல் கூடியதுண்டு. அவர்களில் பெரும்பாலோர் மைதானத்துக்கு அப்பாலுள்ள புல்மேட்டில் அமர்கிறார்கள். அட்டைப்பெட்டிகளைக் கிழித்து அதன்மேல் உட்கார்ந்து மேட்டிலிருந்து சறுக்கும் பிள்ளைகள் ஸ்கோரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பேஸ்களுக்கு இடையே 60 அடி, எறியும் தூரம் 46 அடி, ஆட்டத்துக்கு ஆறே இன்னிங்ஸ் என எல்லாம் சிறுவர்களுக்கு ஏற்ற அளவில் இருக்கின்றன; பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிட்சர் ஒரே நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது என்ற வரம்பும் பாராட்டத்தக்கது. எனக்கு ஒப்பாதது தொலைக்காட்சிதான். தோற்று அழும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் முகத்தை கேமரா விடாமல் துரத்துவது, எத்தனை கனிவான வர்ணனையோடு வந்தாலும், பார்ப்பதற்குச் சங்கடமாகவே இருக்கிறது.

ஆகஸ்டில் போவதென்றால் தங்கும் அறையை வெகு முன்னதாகவே பதிவு செய்துவிட வேண்டும். புல்மேட்டில் வெயில் நேரடியாக அடிக்கும் என்பதால் தொப்பியும் விரிப்பும் அவசியம். உலகத் தொடரின்போது இரண்டு மேஜர் லீக் அணிகள் போமன் ஃபீல்டில் மோதும் சிறப்பு ஆட்டமும் 2017 முதல் நடந்துவருகிறது. அதன் டிக்கெட்டுகள் பெரும்பாலும் லிட்டில் லீக் சிறுவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்குமே போகின்றன என்பதால், அதை நம்பி மட்டும் யாரும் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.