டிசைன் மாணவர்களுக்கு ஆங்கிலம்: பயிற்சி வகுப்பா, ஸ்டுடியோவா?

சேலத்தில் டிசைன் படிக்கும் பிள்ளைகளுக்கு வேலைக்கான ஆங்கிலம் கற்பிக்க எங்கள் துறையின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வெளியிலிருந்து பயிற்சியாளரை வரவழைத்து ஸ்போக்கன் இங்கிலீஷும் கேம்பிரிட்ஜ் பிசினஸ் தேர்வுப் பாடமும் நடத்துவது. மற்றது, ஆங்கில ஆசிரியர் ஸ்டுடியோவுக்கே வந்து, மாணவர் கையில் இருக்கும் வேலையைப் பாடமாக்குவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன்.

முதல் வழியின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பாடத்திட்டம் தயாராக இருக்கிறது, மேடைக் கூச்சம் குறைகிறது, சான்றிதழ் கிடைக்கிறது. வெளிநாட்டில் மேற்படிப்பு என்றால் ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வைத் தவிர்ப்பது கடினம். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், ஸ்டுடியோ வகுப்பு அதற்கு ஈடாகாது. ஆனால் அந்தத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், முதலாண்டிலேயே அவசரப்படத் தேவையில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒன்றுதான்: வகுப்பு முடிந்த பிறகு அந்த ஆங்கிலம் என்ன ஆகிறது? பயிற்சி வகுப்பில் விடுமுறைப் பயணம் பற்றியும் தன்னைப் பற்றியும் அழகாகப் பேசிய மாணவி, அடுத்த பருவத்தில் அதைப் பேச ஆளின்றி மறந்துவிடுகிறாள். ஸ்டுடியோ ஆங்கிலத்துக்கு அந்த ஆபத்து குறைவு. மாணவரின் வேலையைப் பார்த்துக் கேள்வி கேட்டு மதிப்பிடும் ஒவ்வொரு ஜூரியிலும் அது தேவைப்படுகிறது, அங்கே பேசியதே திருத்தப்பட்டு போர்ட்ஃபோலியோவில், அதாவது அவரது பணித் தொகுப்பில், ஏறுகிறது.

சேலம் அருகே இளம்பிள்ளை ஊரில் நெய்யும் சேலைக்குப் புதிய பார்டர் வரைந்த மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாரம்பரியமாக, நன்றாக இருக்கிறது' என்பதோடு அவர் நிறுத்தினால் ஜூரி விடாது. பார்டரை ஏன் குறுக்கினார், எத்தனை நிற நூல்கள், அதனால் தறியில் வேலை கூடுமா, வாங்குபவர் யார் என்று கேட்பார்கள். இவற்றுக்கு முதலில் தமிழில் பதில் சொல்ல விடுகிறோம். தமிழ் வழியில் படித்து வந்தவர்களின் சிந்தனை அங்கேதான் தெளிவாக வருகிறது. பிறகு அதே பதிலை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், அதன் பிறகே பேசுகிறார்கள்.

வேலையிலும் இதுதான் நடக்கிறது. கரூரிலோ திருப்பூரிலோ ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்தால், லேப் டிப்பின் (ஒப்புதலுக்கு அனுப்பும் சிறு சாயமிட்ட மாதிரியின்) நிறம் பொருந்தவில்லை என்று வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல் வரும். ஒரு விளக்கொளியில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வேறொரு விளக்கொளியில் வேறுபடலாம். எனவே அவர் பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 என்ற தர ஒளியில் பார்த்தாரா, கடை விளக்கில் பார்த்தாரா என்று பணிவாகக் கேட்க வேண்டும். மறு மாதிரி எப்போது வரும் என்று நாள் குறிப்பிட வேண்டும். இதை நான்கு வரியில் தெளிவாக எழுதத் தெரிந்தவரை நிறுவனம் தேடுகிறது. பொதுவான ஆங்கிலப் பாடநூலில் இந்த மின்னஞ்சல் இருக்காது.

இதற்கு உழைப்பு அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். ரிபீட் (திரும்பத் திரும்ப வரும் வடிவ அலகு), ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), டெக் பேக் (தயாரிப்புக்கான விவரக் குறிப்பு) எல்லாம் ஆங்கில ஆசிரியருக்குப் புரிய வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் வகுப்பில் நிற்கக் கால அட்டவணை இடம் தர வேண்டும், அதற்காகத் துறைத் தலைவரிடம் விடாமல் வாதாட வேண்டும். ஆசிரியர் மாறினால் வகுப்பு தளர்கிறது. பயிற்சி மையத்தில் அந்தச் சிக்கல் இல்லை. மேலும் என் அனுபவம் பெரும்பாலும் துணி வடிவமைப்பு, கிராஃபிக்ஸ் மாணவர்களோடுதான். அனிமேஷன் மாணவர்களுக்கும் இது இதே அளவு பலன் தரும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றாலும் பயிற்சியாளரைத் தேட வேண்டாம். போர்ட்ஃபோலியோவின் முதல் பணிக்கு ஐந்து வரி விளக்கம் எழுத வையுங்கள்: யாருக்காகச் செய்தது, என்ன சிக்கல், எதை மாற்றினார், ஏன், என்ன செலவாகும். அதை வேறொரு மாணவர் வாசித்து மூன்று கேள்விகள் கேட்கட்டும். எழுதியவர் அவற்றுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்ன பிறகு இரண்டாவது பணிக்குப் போகலாம்.